மைனா63

மைனா63 கையிலிருந்த மொத்தப் பணத்தையும் மறுபடி நடுவில் தள்ளிவிட்டது. சீட்டு வந்து விழுந்த மறுநொடியே. பார்த்திருக்கவே முடியாது, அவ்வளவு வேகமாக யாராலும் சீட்டைப் பார்க்க முடியாது, சீட்டு வருவதற்கு முன்னாலேயே விரல் அந்தப் பொத்தான்மேல் போய்க் காத்துக்கொண்டிருந்தால்தான் உண்டு, என்று குணாளன் நினைத்தான், நினைத்துக்கொண்டே தன் சீட்டைக் கீழே போட்டான், ஃபோல்டு, இந்த எட்டு மாதத்தில் அவன் விரல் ஒழுங்காகப் படித்த பாடம் அது ஒன்றுதான். மணி இரண்டு இருபது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், விமான நிலையத்து வாடகை வண்டிகளுக்கென்று ஒதுக்கிவிட்ட பொட்டலில் நூறு நூற்றிருபது வண்டி நின்றது, எல்லாம் வெள்ளை, வெயிலில் நோட்டுப் புத்தகம் காயப்போட்ட மாதிரி. போனின் மேல் ஓரத்தில் கம்பெனிச் செயலி அவனுடைய வரிசை எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, முப்பத்தொன்று. முப்பத்தொன்று ஒன்றாக வேண்டும், ஒன்றானால்தான் சவாரி வரும், அதற்கு ஒன்றரை மணி நேரமாகலாம், பொட்டலை விட்டு வண்டியை நகர்த்தினால் எண் போய்விடும், ஏசி போட்டால் டீசல் போய்விடும், ஆகவே நான்கு கதவையும் திறந்துபோட்டு, சீட்டைச் சாய்த்து, எல்லாரும் போனுக்குள் போய்விடுவார்கள். இவனும் போயிருந்தான். காசு வைத்து ஆடும் போக்கர், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் மேசை. ஆறு நாற்காலி. நாலாவது நாற்காலியில் மைனா63, வட்டத்துக்குள் ஒரு பறவைப் படம், அது மைனாகூட இல்லை, செயலி கொடுத்த ஏதோ ஒரு கிளி. அந்தக் கிளி இன்று நானூறு ரூபாயோடு வந்து உட்கார்ந்தது. எட்டு மாதமாக நாற்பது ரூபாய்க்கு மேல் ஒரு காசு கொண்டுவராத கிளி.

ஆரம்பத்தில் குணாளனும் எல்லாரையும் போலத்தான் ஆடினான், வருகிற சீட்டையெல்லாம் ஆடினான், பந்தியில் பரிமாறியதையெல்லாம் தின்றே தீர்வது என்று உட்காரும் ஆள் மாதிரி. முதல் மாதத்தில் இரண்டு டேங்க் டீசல் காசு போயிற்று. பிறகு ஒருநாள், வரிசை எண் தொண்ணூறு காட்டிய ஒரு நாள், தானாகவே அவனுக்குத் தோன்றியது, இந்தப் பொட்டலில் என்ன செய்கிறோமோ அதைத்தானே அங்கேயும் செய்யவேண்டும், காத்திருக்கவேண்டும், பத்துச் சீட்டு வந்தால் எட்டைக் கீழே போடவேண்டும், போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, மற்றவர்களைப் பார்க்கவேண்டும். பார்த்தான். பெட்ரோல் பங்க்கில் கொடுத்த டைரி ஒன்றில் பேர் பேராக எழுதி வைத்தான். சுறா_மதுரை, தோற்றால் அடுத்த கையில் கோபமாகப் பந்தயத்தை ஏற்றுவான். லக்கிராணி, நல்ல சீட்டு வந்தால் யோசிக்கிற மாதிரி நடிப்பாள். மைனா63, பொய் சொல்லத் தெரியாது, மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு ஏற்றிப் பொய் சொல்லும்போது முழுசாக ஏழெட்டு நொடி எடுத்துக்கொள்ளும், மனசாட்சியைக் கேட்டுவிட்டு வருகிற மாதிரி. இப்படி எழுதி எழுதித்தான் கை தேறியது. பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை, நாளுக்கு முப்பது, நாற்பது, டீக்கும் சமோசாவுக்கும் ஆச்சு, ஆனால் மேசையில் ஒரு பேர் வந்துவிட்டது, 'ஒட்டகம்' ஏற்றினால் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒட்டகம் என்பது அவன் வைத்துக்கொண்ட பேர். செய்யாறில் பள்ளிக்கூடத்தில் அவனை அப்படிக் கூப்பிடுவார்கள், கழுத்து நீளம். மைனாவை அவன் படித்த மாதிரி வேறு யாரையும் படித்ததில்லை. பெண்டாட்டியைக்கூட என்று சொல்லலாம், ஆனால் அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மைனாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் மூன்று பதினைந்து ஆனால் போதும், கையில் என்ன சீட்டு இருந்தாலும், இரண்டு ராஜா இருந்தாலும் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடும். வட்டம் சாம்பல் நிறமாகிவிடும், 'வெளியே சென்றுள்ளார்'. பன்னிரண்டு நிமிஷம். சில நாள் பதினான்கு. அப்புறம் வந்து உட்காரும். முதலில் குணாளன் காப்பி என்று நினைத்தான். காப்பிக்கு ராஜா ஜோடியை யார் கீழே போடுவார்கள். தொழுகையோ என்று நினைத்தான், பொட்டலில் கூட நிற்கும் ஜாபர் அண்ணனிடம் கேட்டதற்கு நேரம் ஒத்துவரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, வெள்ளத்தில் ஊரே முழுகிக் கிடந்த அன்று, எல்லா நாளும் மூன்று பதினைந்து. ஆகவே அது ஒரு மனுஷனுக்காக என்று முடிவு செய்துகொண்டான். உள்ளறையில் யாரோ படுத்திருக்கிறார்கள். மாத்திரை, அல்லது குழாய் வழியாகக் கஞ்சி, அல்லது புரட்டிப் படுக்கவைப்பது. பன்னிரண்டு நிமிஷம் ஆகும் ஒரு காரியம். அவனாகக் கட்டிக்கொண்ட கதைதான், சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டான், ஆனால் அப்படி நினைத்துக்கொண்ட பிறகு மைனாவிடம் அவன் ஒரு ரூபாய்கூடப் பொய்யாட்டம் ஆடவில்லை. பத்து நாளாக அந்த மூன்று பதினைந்து இல்லை. முதல் நாள் மூன்று பதினைந்தானது, மூன்று இருபதானது, மைனா அங்கேயே உட்கார்ந்திருந்தது, ஆடிக்கொண்டிருந்தது. குணாளன்தான் தன் சீட்டை விட்டுவிட்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டாவது நாளும். மூணாவது நாளும். அதன்பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை அது மேசையிலேயே கிடந்தது, போவதற்கு இடமில்லாத ஆள் பஸ் ஸ்டாண்டிலேயே கிடப்பதைப்போல. இன்று நானூறு ரூபாயோடு வந்து, ஒரு மணியிலிருந்து, ஒவ்வொரு கையிலும் ஆல் இன், மொத்தமும் நடுவில், சீட்டைப் பார்க்காமல். சுறா ஒருதரம் அடித்து நூறு எடுத்துக்கொண்டான். லக்கிராணி எண்பது. மீதிப் பேரும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் யாரோ சில்லறையை வாரி இறைப்பதுபோல் மேசையே குஷியாகிவிட்டது. இது பொய்யாட்டம் இல்லை. பொய்யாட்டத்துக்கு ஏழெட்டு நொடி ஆகும் அதற்கு. இது ஆட்டமே இல்லை, இது கொடுத்துவிட்டுப் போவது, இந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், என்று நினைத்தான் குணாளன், நினைத்ததும் அதை நினைக்கவில்லை என்பதுபோலச் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டான்.

சட்டைக் கையில் மடிப்பு கத்திபோல நின்றது. தினம் காலையில் அவனே இஸ்திரி போடுகிறான், தேவசகாயத்தின் இஸ்திரிப் பெட்டியில். சைதாப்பேட்டையில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவன் தேவசகாயம், நாகர்கோவில் பக்கம், ஏசி மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அறையைக் காலி செய்வதுபோல எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தான், குக்கரைக் கீழ்வீட்டு அக்காவுக்கு, வாளியை வாட்ச்மேனுக்கு, ஸ்பேனர் பெட்டியைக் கூட வேலை செய்கிற பையனுக்கு. 'ஊருக்குப் போறியாடா?' என்றான் குணாளன். 'ஆமா மக்கா, ஊருக்குத்தான்.' 'திரும்பி வரமாட்டியா?' 'அங்க போயிட்டு எவம்லே திரும்பி வாரான்,' என்று சிரித்தான். குணாளனும் சிரித்தான். தேவசகாயம் இஸ்திரிப் பெட்டியை நீட்டினான். 'நீ வச்சுக்க. கசங்கிப்போய்த் திரியாதலே, எவனும் பொண்ணு தரமாட்டான்.' நல்ல பெட்டி, கனமான பெட்டி, கடையில் ஆயிரத்து நூறு ரூபாய், குணாளன் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான், அந்த இடத்தில்தான் நினைப்பு வந்து ஆணியில் வேட்டி மாட்டிக்கொள்வதுபோல் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அன்று சாயங்காலமே ஒரு சட்டையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுப் பார்த்தான், சூடு நன்றாக ஏறுகிறது என்று தேவசகாயத்திடமே சொன்னான். செவ்வாய்க்கிழமை தேவசகாயத்தின் தம்பி போன் செய்தான், அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள், கடன் என்றார்கள், பெண் என்றார்கள், தலைவலி மாத்திரை நிறையச் சாப்பிடுவான் என்றார்கள். ஆட்டத்தில் எதிராளி கீழே போட்ட சீட்டு கடைசிவரை கவிழ்ந்தேதான் கிடக்கும். பார்க்கவேண்டுமென்றால் நீ கடைசிவரை கூடப்போயிருக்க வேண்டும், அதற்கு விலை உண்டு. அவன் போகவில்லை. அவன் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

'இன்னா ஒட்டகம், எத்தினி?' என்று ஜாபர் அண்ணன் வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். காகிதத்தில் கொய்யாக்காய்த் துண்டு, உப்பு, மிளகாய்த்தூள். ஐம்பது வயசு, பதினாறு வருஷமாக இந்தப் பொட்டல், ரம்மியில் ஒரு ஆட்டோவை விட்டவர் என்று பேர், அவரே சொல்லிக்கொள்வார். 'பத்தொம்போது ண்ணே.' 'நான் பதினேழு. ஒன்க்கு முன்னாடி போயிருவேன், அழுவாத. இன்னா மூஞ்சி இப்டி கீது, வுட்டுட்டியா?' இல்லை என்று சொல்லி, போனை அவர் பக்கம் திருப்பி, மைனாவைக் காட்டினான். முழுசாகச் சொல்லவில்லை. தேவசகாயத்தைச் சொல்லவில்லை, மூன்று பதினைந்தைச் சொன்னான், நானூறைச் சொன்னான். ஜாபர் அண்ணன் கொய்யாவை மென்றுகொண்டே கேட்டார். 'இத்துக்கா? டேய், சரக்கு அட்ச்சிருப்பான். இல்லன்னா போனைப் புள்ள கைல குட்த்திருப்பான், அது சும்மா அமுக்கிக்கினு கீது.' 'புள்ளைன்னா சில நேரமாவது வேற பட்டனை அமுக்குமில்ல ண்ணே.' 'அப்போ சரக்கு.' 'எட்டு மாசமா குடிக்காத ஆளு.' 'நீ பாத்தியா? பக்கத்துல நின்னு ஊத்திக் குட்த்தியா? ஆளே தெரியாது, ஆம்பளையா பொம்பளையா தெரியாது, குடிக்கமாட்டாருன்னு நீ சாட்சி.' அவர் சிரித்தார், பிறகு குணாளனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். 'சரி, அப்டியே வச்சிக்க. இன்னா பண்ணுவ? பேரு தெரியுமா? ஊரு? நம்பரு? நீயும் நானும் ரோட்டுல போறம், எதுத்தாப்புல ஒர்த்தன் பஸ்ல அழுதுக்கினே போறான். பஸ்ஸ நிறுத்துவியா?' நிறுத்தமாட்டான். அதுதானே. நிறுத்தியதில்லை. ஜாபர் அண்ணன் கொய்யாவில் பாதியை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, 'தின்னு, உப்பு இறங்கிப்பூடும்,' என்று எழுந்து போனார். இந்த அண்ணனிடம் ரம்மி ஒரு ஆட்டோவைத்தான் எடுத்துக்கொண்டது, இவரை விட்டுவிட்டது, அது எப்படி என்று கேட்டிருக்கலாம்.

ஆளிடம் பேச வழி இல்லாமல் இல்லை. மேசையில் ஆறு வாக்கியம் உண்டு. யாரும் கெட்ட வார்த்தை பேசிவிடக்கூடாது என்று செயலியே அடித்து வைத்த ஆறு, தொட்டால் தலைக்குமேல் குமிழியாக வரும், வேறு ஒன்றும் தட்ட முடியாது. வணக்கம். நன்றி. நல்ல ஆட்டம். அடடா. அதிர்ஷ்டம்தான். சீக்கிரம் ஆடவும். இந்த ஆறில் இரண்டைத்தான் அவனும் மைனாவும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டார்கள், வரும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு நன்றி. இன்று மைனா வணக்கம் சொல்லவில்லை. குணாளன் 'வணக்கம்' தொட்டான். பதில் இல்லை. 'அடடா' தொட்டான். அடடா என்றால் என்ன புரியும். மறுபடி 'வணக்கம்'. மேசையில் சுறா_மதுரை சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டான். உதவி என்ற இடத்தில் போய்ப் பார்த்தான். பணம் வரவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, ஆட்டக்காரரைப் பற்றிப் புகார். புகாரைத் தொட்டான். ஏமாற்றுகிறார், கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார், பெயர் ஆபாசமாக உள்ளது. அவ்வளவுதான். மற்றவை என்று ஒன்று இருந்தது, அதில், 'மைனா63 என்பவருக்கு யாராவது போன் செய்யுங்கள்' என்று தட்டினான். உங்கள் கருத்துக்கு நன்றி, இரண்டு வேலை நாட்களில். வேலை நாட்கள். சின்ன வயசில் கேட்ட ஒரு கதை வந்து நின்றது. பறவை பேசுவது விளங்க வேண்டுமென்று ஒருத்தன் பன்னிரண்டு வருஷம் தவம் கிடந்தான், வரம் கிடைத்தது, மரத்தடிக்கு வந்தான், கிளையில் ஒரு பறவை இன்றைக்கு என் கூடு எரியப்போகிறது என்று அழுகிறது, இவனுக்கு ஒரு எழுத்து விடாமல் விளங்குகிறது, ஏறிவந்து உன் குஞ்சை எடுத்துக்கொடுக்கட்டுமா என்று இவன் கேட்கிறான், பறவைக்கு மனுஷன் பேச்சு விளங்கவில்லை, ஆள் அரவம் கேட்டுப் பறந்துபோய்விட்டது. கேட்கிற வரத்தை வாங்கினான், சொல்கிற வரத்தை வாங்க மறந்துபோனான். கதை சொல்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சீட்டு வந்தது. மைனா தள்ளியது. குணாளன் யோசித்துக்கொண்டிருந்ததில் பத்து நொடி ஓடிவிட்டது. நாலாவது நாற்காலியின் தலைக்குமேல் இன்றைக்கு முதல்முறையாக ஒரு குமிழி வந்தது. 'சீக்கிரம் ஆடவும்.'

அவனால் முடிந்தது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. காசு தீர்ந்தால் எழுந்து போய்விடும், எழுந்து போனால், அதற்கு மேல் நினைக்கவில்லை, காசு தீரவிடக்கூடாது. காசு இருக்கும்வரை அது அந்த நாற்காலியில் இருக்கும், நாற்காலியில் இருக்கும்வரை அது எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கும், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, விரல் அசைகிறது, உயிர் இருக்கிறது. பர்ஸில் கிடந்த ஐந்நூறையும் மேசைக்குக் கொண்டுவந்தான். சீட்டு வந்ததும் மைனாவுக்கு முன்னால் இவன் ஏற்றினான், முப்பது ரூபாய். ஒட்டகம் ஏற்றினால் சும்மா ஏற்றமாட்டான் என்று எட்டு மாதமாகச் சேர்த்த பேர், சுறா ஒதுங்கினான், லக்கிராணி ஒதுங்கினாள், எல்லாரும் ஒதுங்கியதும் மைனா பார்க்காமல் மொத்தத்தையும் தள்ளியது, உடனே இவன் ஃபோல்டு, முப்பது ரூபாய் மைனாவிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த கையிலும் அப்படியே. யாரும் மைனாவை நெருங்கமுடியாமல் குடைபிடிப்பதுபோல் நின்றான். நூற்றறுபதாக இறங்கியிருந்த மைனாவின் தொகை இருநூறு ஆனது, இருநூற்று நாற்பது ஆனது. ஆட்டம் தேறியது இதற்குத்தானா என்றிருந்தது அவனுக்கு, இவ்வளவு ஒழுங்காக அவன் எப்போதும் ஆடியதில்லை, டைரியில் எழுதியதெல்லாம் இன்றைக்குத்தான் உதவிற்று. மூன்று பதினைந்து வந்தது. கையில் சீட்டு இருக்கும்போதே மைனாவின் வட்டம் சாம்பலானது. 'வெளியே சென்றுள்ளார்.' குணாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். போ, போய்ப் பன்னிரண்டு நிமிஷம் இரு, மாத்திரை கொடு, புரட்டிப் படுக்கவை, பதினாலு நிமிஷம்கூட எடுத்துக்கொள், நான் இங்கே நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு விமானம் வயிறு தெரிய இறங்கிப் போனது, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வட்டம் மறுபடி நிறமாகிவிட்டது. ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்தான். அந்த அறையின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. மூன்று பதினைந்துக்கு எழுந்துபோன கால் தானாக எழுந்து போயிருக்கிறது, போன பிறகுதான் கட்டில் காலி என்று நினைவு வந்திருக்கும். சீட்டு வந்தது. ஆல் இன்.

வரிசை எண் ஒன்பது, ஆறு, நான்கு என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஜாபர் அண்ணன் வண்டி முன்னால் போனது, போகும்போது கையைக் காட்டினார். குணாளன் டைரியில் ஒன்றும் எழுதவில்லை. சுறாவோ ராணியோ நெருங்கிய கைகளில் மட்டும் ஏற்றினான், மற்றதில் அவர்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். முன்னூற்றுப் பத்து ரூபாய் இருந்தது மைனாவிடம், இவனிடம் முன்னூற்று முப்பது. இருக்கிறதை முப்பது முப்பதாகக் கொடுத்தால் இன்னும் பதினோரு கை, கைக்கு ஒரு நிமிஷம், பதினோரு நிமிஷம், அதற்குப் பிறகு ஜாபர் அண்ணனுக்குப் போன் செய்து இருநூறு போடச் சொல்லலாம், சாயங்காலம் ஆகும், ராத்திரி ஆகும், யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், பால்காரன், மகள், தண்ணீர்க் கேன் போடுகிறவன், அதுவரைக்கும். மூன்று ஐம்பத்திரண்டு. வரிசை எண் ஒன்று. சீட்டு வந்தது. இரண்டு ராஜா. எட்டு மாதத்தில் மைனா எத்தனையோ தரம் கீழே போட்டுவிட்டு எழுந்துபோன அதே ஜோடி இன்று இவன் கையில், இதையும் கீழே போடவேண்டும், போடுகிறதில் என்ன இருக்கிறது. முப்பது ஏற்றினான். எல்லாரும் ஒதுங்கினார்கள். மைனா தள்ளியது. முன்னூற்றுப் பத்து, மொத்தமும். ஃபோல்டு பொத்தானுக்கு விரல் போனது, போகிற வழியில் கம்பெனிச் செயலி போன் முழுவதையும் மூடிக்கொண்டு மேலே வந்து அலறியது, சவாரி, பெரம்பூர், அறுநூற்றிருபது ரூபாய், பதினைந்து நொடி. ஏற்றுக்கொண்டால் உடனே மேப் வந்துவிடும், கேட்டுக்குப் போகவேண்டும், ஆள் ஏற்றவேண்டும், மைனா தனியாக நிற்கும் சுறாவுக்கும் ராணிக்கும் நடுவில். வேண்டாம் என்றால் வரிசையில் கடைசிக்குப் போவான், நூற்றுப்பத்தோ என்னவோ, போகட்டும். வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒருதரமாவது வேண்டாம் என்று சொல்லலாம். சின்ன எழுத்தில் நடுவே கீழே இருந்தது 'வேண்டாம்'. விரலை வைத்தான். வைப்பதற்கும் படுவதற்கும் நடுவில் இருந்த அந்த மயிரிழையில் பெரம்பூர்க்காரர் சவாரியை ரத்து செய்துவிட்டார், திரை விலகிவிட்டது, வேண்டாம் இருந்த இடத்தில் அடியில் இருந்தது 'கால்'. பட்டுவிட்டது. கூடப் போகிறேன் என்று அர்த்தம் அதற்கு. இரண்டு பேர் சீட்டும் மேசைமேல் நிமிர்ந்து விழுந்தன. ஒட்டகம், இரண்டு ராஜா. மைனா63, ஒரு ஏழு, ஒரு இரண்டு, வேறு வேறு சாதி, சீட்டுக்கட்டிலேயே அதைவிட மட்டமான கை கிடையாது. பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. நான் படித்தது சரி. ஒரு ஏழு வரட்டும், என்று அவன் எதிராளிக்காக வேண்டிக்கொண்டான், இரண்டு பேருக்கும் பொதுவாக மேசையில் விழும் ஐந்தில் முதல் மூன்று சீட்டில் ஒரு ஏழு வந்தது, இன்னொரு ஏழு வரட்டும், இல்லாவிட்டால் ஒரு இரண்டு வரட்டும், ராணிச் சீட்டு வந்தது, நாலு வந்தது. அவ்வளவுதான். திரை முழுக்க வண்ணக் காகிதம் சிதறியது. வாழ்த்துகள், ஒட்டகம்.

நாலாவது நாற்காலியைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. காசு போட்டால் தொடரலாம், முப்பது நொடி. போடு, நாற்பது ரூபாய் போடு, உன் பழைய நாற்பது. கோடு பாதி வட்டம் வந்தது. 'வணக்கம்' என்று தொட்டான். 'வணக்கம்'. 'அடடா'. 'வணக்கம்'. ஒன்றும் தொடாமல் இருந்திருந்தால் போதும், கெடு முடிந்து செயலியே சீட்டைக் கீழே போட்டிருக்கும், சும்மா இருந்திருந்தால் மைனா பிழைத்திருக்கும், அன்றைக்குச் சும்மா இருந்தான், இன்றைக்குக் கையை வைத்தான், எதை எப்போது செய்வது என்று எந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறது. கோடு முக்கால் வட்டம். கிளியின் தலைக்குமேல் குமிழி வந்தது, 'நன்றி'. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் போகும்போது சொல்லுகிற அதே நன்றி, அதே எழுத்து, அதே குமிழி, செயலி அடித்து வைத்தது, அதில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏழு நொடி யோசித்துச் சொன்னதா, யோசிக்காமல் சொன்னதா என்றுகூட அவன் கவனிக்கவில்லை. நாற்காலி காலியானது. 'இங்கே உட்காரவும்' என்று அதன்மேல் எழுத்து வந்தது. போன் அலறியது. சவாரி. வில்லிவாக்கம். அவன் விரல் தானாகப் போய் ஏற்றுக்கொண்டது.

கேட்டுக்கு வெளியே தூணருகே ஒரு பெரியவர் நின்றார், துபாயோ மஸ்கட்டோ, டேப் சுற்றிய அட்டைப்பெட்டி இரண்டு, கழுத்துத் தலையணையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே. பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான். 'ஓடிபி சொல்லுங்க சார்.' 'ஆறு, மூணு, எட்டு, ஒண்ணு.' அறுபத்து மூன்று என்று விரல் ஒரு கணம் நின்றது, பிறகு மீதியைத் தட்டியது. மேப் வந்து ஆட்டத்தை மூடிக்கொண்டது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டான். பெரியவர் வீட்டுக்குப் பேசினார், 'வெளிய வந்துட்டேன்மா. சாப்பாடெல்லாம் வேணாம், ரசம் இருந்தா போதும். ம். ம். பசிக்குது.' கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது போன் டிங் என்றது. குணாளன் சட்டென்று பார்த்தான், வண்டி லேசாக ஆடிற்று. மேப்தான் இருந்தது, நீலக்கோடு. மேசையிலிருந்து எழுந்திருக்க மறந்துவிட்டான், அவன் முறை என்று அது கூப்பிடுகிறது, உள்ளே எங்கோ. வணக்கத்துக்கும் அதே டிங்தான். 'யாரோ கூப்பிடுறாங்க போல தம்பி,' என்றார் பெரியவர். 'இல்ல சார். கேம்.' 'ஓ. எம் பையனும் இதேதான். ஜெயிச்சீங்களா?' 'ஆமா சார்,' என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் மடிப்பு கசங்காமல் அப்படியே நின்றது. வடபழனி சிக்னலில் இன்னொரு டிங். அது அவன் முறையாகத்தான் இருக்கும். வேறு ஒன்றாகவும் இருக்கலாம், பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறான், பார்க்க முடியவில்லை. மூன்று முறை பதில் சொல்லாவிட்டால் செயலி ஆளை எழுப்பி வெளியே அனுப்பிவிடும், அது சட்டம். மூன்றாவது டிங் கோயம்பேடு தாண்டி வந்தது. அதற்கப்புறம் வில்லிவாக்கம் வரைக்கும், பெரியவர் இறங்கி அட்டைப்பெட்டியை எண்ணிப் பார்த்து, கதவைச் சாத்தி, யாரோ ஒரு பெண் வாசலில் வந்து 'வாங்க' என்று சொல்லும்வரைக்கும், அவன் அந்தப் போனையே கேட்டுக்கொண்டிருந்தான். அது ஒன்றும் சொல்லவில்லை.